மழலையர் பள்ளி முற்றம்: கல்லைப் பெயர்த்து மண் போட்டோம்

பெங்களூரு பானசவாடியில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் அக்காவும் மழலையர் பள்ளி நடத்துகிறோம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகள். தமிழும் கன்னடமும் பாதிப் பாதி, நடுவே தெலுங்கும் இந்தியும். வீட்டுக்குப் பின்னால் 20 அடி அகலம், 45 அடி நீளத்தில் இடம் இருக்கிறது. சுவரோரம் ஒரு புங்க மரம், மூலையில் ஒரு சர்க்கரைப் பழ மரம். மற்றபடி முழுக்க இன்டர்லாக் கல் பாவியிருந்தது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஏப்ரல் மாதம் பதினோரு மணிக்கு மேல் அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மழை பெய்தால் சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காமல் அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகும். பிள்ளைகளுக்கு அங்கே ஓடுவது, விழுவது, முட்டியைத் தேய்த்துக்கொள்வது தவிர வேறு வேலை இல்லை.

பள்ளி நேரத்தில் பாதியாவது அவர்கள் வெளியே இருக்க வேண்டும், அங்கே கைக்கு நிறைய வேலை இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். அந்த வேலையின் பதிவு இது. இதே அளவு இடம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

விளையாட்டுச் சாமான் கடைகளில் விசாரித்தால் எல்லோரும் ஒரே மூன்றைத்தான் காட்டுகிறார்கள்: பச்சைப் பிளாஸ்டிக் புல், பிளாஸ்டிக் சறுக்குமரம், பெயின்ட் அடித்த பழைய டயர்கள். மூன்றையும் வேண்டாம் என்றோம். பிளாஸ்டிக் புல் வெயிலில் நிஜப் புல்லைவிட மிக அதிகமாகச் சுடும். டயருக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சறுக்குமரம் நல்லதுதான், ஆனால் அது தெருமுனைப் பூங்காவிலேயே இருக்கிறது. மண், மணல், தண்ணீர், கட்டை, செடி. எங்கள் பட்டியலில் இவ்வளவுதான்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. 1837இல் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய பள்ளிதான் பின்னால் கிண்டர்கார்டன் ஆனது. அவர் போட்ட திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி உண்டு, சுற்றிலும் பொதுப் பாத்திகள் உண்டு. டென்மார்க்கில் 1950களிலேயே பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குள் கூட்டிப்போகும் மழலையர் பள்ளி இருந்தது. 1993இல் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க்கில் அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கு அரசு அங்கீகாரமே கிடைத்தது. நம் நாட்டில் கிஜுபாய் பதேக்கா 1920இல் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் கோஸ்பாடில் தாராபாய் மோடக் ஒரு படி மேலே போய், ஆடு மாடு மேய்க்கப் போன ஆதிவாசிப் பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களிடம் காடும் இல்லை, மேய்ச்சல் நிலமும் இல்லை. 900 சதுர அடி முற்றம் இருக்கிறது. சரி, அதில் என்ன முடியுமோ அதைச் செய்வோம்.

வாடகை வீட்டில் தரையைப் பெயர்ப்பது என்றால் முதலில் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். இன்டர்லாக் கல்லில் ஒரு வசதி, அது சிமென்ட் வைத்து ஒட்டப்படுவதில்லை. அடியில் பரப்பிய தூள்மணலின் மேல் இறுக்கி அடுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். ஓரக் கல் ஒன்றை நெம்பி எடுத்துவிட்டால் மற்றவை உடையாமல் வரிசையாக வந்துவிடும். "காலி செய்யும்போது பழையபடி போட்டுத் தந்துவிடுகிறோம்" என்று எழுதிக் கொடுத்து, கற்களைச் சுவரோரம் அடுக்கி வைத்தோம். வாசலிலிருந்து பின்சுவர் வரை மூன்றடி அகலத்துக்கு மட்டும் கல்லை விட்டுவைத்தோம். வயதான பாட்டி தாத்தாக்கள் வழுக்காமல் நடந்து வர அது வேண்டும்.

வேலைக்கு வந்த மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்லா இருக்கிற தரையப் பேத்துட்டு சேறு பண்ணச் சொல்றீங்களே?" என்றார். "ஆமாண்ணா, சேறுதான் வேணும்" என்றேன். சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். ஒரு வாரம் போனதும் அவரே ஒவ்வொரு மூலைக்கும் யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

கல்லுக்கு அடியில் இரண்டு அங்குலம் தூள்மணல், அதற்குக் கீழே ரோலர் விட்டு அழுத்திய ஜல்லியும் கிரஷர் தூளும். இதை அப்படியே விட்டுவிட்டு மேலே செம்மண் கொட்டினால் தண்ணீர் இறங்காது, மண் நாள் கணக்கில் ஊறிக் கிடந்து நாறும். அதனால் தூளையும் ஜல்லியையும் முழுசாக வாரி வெளியே போட்டு, கீழே இருந்த செம்மண்ணை ஓரடி ஆழத்துக்குக் கொத்திவிட்டோம். அப்புறம் ஒரு சோதனை. ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது வற்றியதும் மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலைச் செருகி வைத்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கினால் கவலை இல்லை. புங்க மரத்துப் பக்கம் நன்றாகவே இறங்கியது. பின்சுவர் மூலையில் மந்தமாக இருந்தது. ஆகவே மணல் குழி மரத்துப் பக்கம், பிள்ளைகள் சேற்றில் சமைத்து விளையாடும் சேற்று அடுப்படி பின்சுவர் பக்கம் என்று மண்ணே இடம் பிரித்துக் கொடுத்துவிட்டது.

கொத்திய மண்ணில் மட்கிய உரமும் காய்ந்த இலையும் கலந்தோம். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரு தெருக்களில் இலை கொட்டிக் கிடக்கும். கூட்டி மூட்டை கட்டி வைத்திருப்பதைக் கேட்டால் சந்தோஷமாகவே கொடுக்கிறார்கள். பார்த்தீனியச் செடி கலந்திருந்தால் மட்டும் அந்த மூட்டையைத் தொட வேண்டாம். இங்கே கன்னடத்தில் காங்கிரஸ் கிட (காங்கிரஸ் செடி) என்பார்கள், தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும்.

வெளியிலிருந்து வரும் மண்ணில் ஆணியும் கண்ணாடித் துண்டும் இல்லாமல் இருக்காது. கண்ணாடிக்குச் சல்லடை. ஆணிக்கு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தோம். கம்பித் துண்டும் ஆணியுமாக நிறையவே ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தக் காந்தம் பிற்பாடு பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது. ஆற்று மணலில் அதை இழுத்தால் கறுப்பாக ஒரு தூள் மீசைபோல ஒட்டும். மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். அதை ஒரு டப்பாவில் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

மணல் குழிக்கு வருகிறேன். 8 அடிக்கு 10 அடி, ஒன்றரை அடி ஆழம். அடியில் நாலு அங்குலம் முக்கால் ஜல்லி, அதன் மேல் தண்ணீர் போகவிட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, மீதி பதினாலு அங்குலம் மணல். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி வருகிறது. மொத்தச் செலவில் இதுதான் அதிகம் விழுங்கியது, ஏனென்றால் எம்-சாண்ட் வேண்டாம் என்று நின்றோம். கட்டடத்துக்கு எம்-சாண்ட் சரி. உடைத்த கல் என்பதால் அதன் துகள்கள் கூராக இருக்கும், நுண்ணிய தூசும் அதிகம். காய்ந்த நாளில் பிள்ளைகள் அதை அள்ளி வீசினால் அந்தக் கல்தூசு நேரே நுரையீரலுக்குப் போகும். கழுவிச் சலித்த ஆற்று மணல் உருண்டையாக இருக்கும், ஈரப்படுத்தினால் பிடிக்கும், கோபுரம் நிற்கும். வாங்கும் முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மேலே படியும் வண்டல் அடுக்கு தடிமனாக இருந்தால் அந்த லோடு வேண்டாம்.

பூனைகளுக்கு மணல் என்றால் கழிப்பிடம். அவற்றின் கழிவிலிருந்து புழுவும் டாக்ஸோபிளாஸ்மா கிருமியும் மணலில் சேரும். அதனால் மூங்கில் சட்டத்தில் நிழல்வலை கட்டி இரண்டு மூடிகள் செய்தோம். பள்ளி முடிந்ததும் ஆயாம்மா இழுத்து மூடிவிடுவார். தார்ப்பாய் போட்டால் உள்ளே காற்றில்லாமல் மணல் நாற்றமடிக்கும், வலைதான் சரி. வாரம் ஒருமுறை அடிவரை கிளறி வெயில் காட்டுகிறோம்.

தண்ணீரைப் பற்றி நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் இந்த ஊர் தண்ணீருக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். எத்தனையோ போர்வெல் வற்றிப்போயின. குடிக்கிற தண்ணீரை எடுத்துச் சேறு குழைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பின்பக்கக் கூரை 30 சதுர மீட்டர், பத்து மில்லிமீட்டர் பெய்தால் கணக்குக்கு 300 லிட்டர். ஆவியாகி, சிந்தி, கழிவு போனாலும் 200 லிட்டர் பீப்பாய் ஒரே மழையில் நிரம்பிவிடும். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட ஒரு தனி வால்வு. பீப்பாய் வாயில் கொசுவலை, இறுக்கிக் கட்டியது. கீழே பிள்ளை உயரத்துக்கு ஒன்றரை அடியில் ஒரு குழாய். மழை இல்லாத மாதங்களில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் மட்டும் பீப்பாயில் ஊற்றுவோம். தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதனால் பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு பங்கீடு வந்துவிட்டது. சிவப்புச் சொம்பு ஒருத்தருக்கு ஒன்று, மணலில் ஓர் ஆற்றை ஓடவிட வேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து சொம்பைச் சேமிக்க வேண்டும்.

டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் இரவு தங்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பது பிள்ளைகளின் வேலை. நாலு வயதுப் பிள்ளைகூட இதை ஒரு கடமையாகச் செய்கிறது.

தண்ணீர் ஓட பேம்பூ பஜாரில் தடி மூங்கில் வாங்கி, நெடுக்கப் பிளந்து, கணுக்களைத் தட்டி எடுத்தோம். பிளந்த மூங்கில் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, கையை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். இந்தக் கால்வாய்களைச் சுவரில் ஆணியடித்து நிறுத்தவில்லை. கல்லடுக்கின் மேல் சும்மா வைத்திருக்கிறோம். எந்தச் சாய்வில் வைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதை அவர்களே தூக்கி மாற்றித் தெரிந்துகொள்கிறார்கள்.

சேற்று அடுப்படிக்குக் கடப்பா கல் ஒன்று, கீழே ஹாலோ பிளாக். மேசை உயரம் 18 அங்குலம், மூலைகளை மேஸ்திரி உருட்டித் தேய்த்துக் கொடுத்தார். பழைய பாத்திரக் கடையில் எடைக்கு வாங்கிய இட்லித் தட்டு, வாணலி, கைப்பிடி போன பால் குக்கர், கொட்டாங்குச்சி அகப்பைகள், ஒரு குட்டி அம்மி. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கிக் கூராகும் என்பதால் சேர்க்கவில்லை. பாட்டரி டவுனில் களிமண் கேட்டு வாங்கி வந்தோம். குயவர் ஐயா நம் தமிழில் பேசி, "மூடி வைம்மா, காய விட்டா இடிச்சுத்தான் எடுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். ஈரச் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறோம்.

இந்த அடுப்படியை எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் சொப்பும் கூட்டாஞ்சோறும் இல்லாத குழந்தைப் பருவம் கிடையாதே. புங்கம்பூ உதிரும் காலத்தில் தினமும் புங்கம்பூப் பொங்கல். சர்க்கரைப் பழம் மட்டும் நிஜமாகவே வாய்க்குப் போகும், குக்குறுவானும் அணிலும் விட்டுவைத்தால். பேசவே தயங்கிய ஒரு பிள்ளை, சேற்றைத் தொடவும் மாட்டேன் என்று மேசை ஓரத்தில் ஒரு குச்சியோடு நின்றுகொண்டே இருந்தது. நாங்கள் கூப்பிடவில்லை. ஒரு நாள் குச்சியால் கிண்டியது, பிறகு அகப்பையால், பிறகு விரலால். இப்போது அந்தப் பிள்ளைதான் கடை முதலாளி. "இட்லி பேக்கா, தோசை வேணுமா?" என்று இரண்டு மொழியிலும் வியாபாரம் செய்கிறது.

கட்டைகளுக்காக மரம் அறுக்கும் மில்லுக்குப் போனோம். சில்வர் ஓக், தூங்குமூஞ்சி மரத்துண்டுகள் கிடைத்தன. 6, 9, 12 அங்குல உயரம், ஒன்றே ஒன்று 18 அங்குலம். பட்டையை உரித்துவிட வேண்டும், அதற்குள்தான் பூச்சி குடியேறும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டு, அடியில் ஜல்லி போட்டோம். சுற்றிலும் ஓரடிக்கு மரத்தூளும் சில்லும். கரையானுக்கு மருந்தடிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கும் இடம், மருந்து கிடையாது. மாதம் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்போம். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை எடுத்து உரக் குழிக்கு அனுப்பிவிடுவோம்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 18 அங்குலக் கட்டை உயரம் என்று ஏறுகிற பிள்ளைக்கே தெரியும். அது தயங்கும், பக்கத்துக் கட்டையில் காலை வைத்துப் பார்க்கும், இறங்கிவிடும், நாளை மறுபடி வரும். அந்தக் கணக்கை நாம் கெடுக்கக் கூடாது, தூக்கி மேலே ஏற்றவும் கூடாது. உள்ளே இற்றுப்போன கட்டையும் மண்ணில் புதைந்த ஆணியும் வேறு வகை. அவை பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைத் தேடி எடுப்பது முழுக்க எங்கள் பொறுப்பு. விறகு அடுக்கைச் சுவரை ஒட்டி வைக்காமல் தரையிலிருந்து தூக்கி வைத்திருப்பதும் அதனால்தான். தேளும் பாம்பும் ஒண்ட இடம் தரக் கூடாது.

நட்டு வைத்த கட்டையைவிட நடாத கட்டைக்குத்தான் கிராக்கி. மிச்சத் துண்டுகள், பலகை, செங்கல், கயிறு, பழைய புடவை, தேங்காய் மட்டை இவற்றை ஒரு மூலையில் கொட்டினோம். சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1970களின் தொடக்கத்தில் இதைத்தான் எழுதினார். நகர்த்த, சேர்க்க, பிரிக்க முடிந்த பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிள்ளைகள் புதிதாகச் செய்வார்கள் என்றார். அதற்கும் முன்னால், 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் சோரன்சென் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனையில் பழைய சாமான்களைக் கொண்டே ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். கட்டிக் கொடுத்த விளையாட்டிடங்களைவிடப் பிள்ளைகளுக்கு எல்லாம் இறைந்து கிடக்கும் இடம்தான் பிடிக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார். எங்கள் மூலையில் அந்தப் பலகைகள் காலையில் பஸ், பத்து மணிக்கு ஆஸ்பத்திரி, மதியம் மெட்ரோ. நான் இத்தனை வருஷம் வகுப்பறைக்குள் சொல்லிக்கொடுத்த நீளம், பாரம், சமன் எல்லாம் ஒரு பலகையை இரண்டு பேர் தூக்கும்போது தானாக வருவதைப் பார்க்கிறேன்.

செடிகளில் முதல் வேலை பிடுங்குவது. முன்வாசலில் இருந்த மஞ்சள் அரளி, தொட்டியில் இருந்த டைஃபன்பேக்கியா என்ற அழகுச் செடி இரண்டும் வெளியே போயின. அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை எதுவும் பிள்ளைகள் இடத்தில் வேண்டாம். நட்டவை கறிவேப்பிலை, எலுமிச்சை, அவரைப் பந்தல். ஃப்ரோபெல் வழியில் ஆளுக்கு ஒரு சாண் பாத்தி. வெந்தயம் மூன்று நாலு நாளில் முளைத்துவிடும், பொறுமையில்லாத வயதுக்கு அதுதான் ஏற்றது. பிறகு முளைக்கீரை, ஒரு மாதத்தில் பறித்துக் கூட்டாகச் சாப்பிடலாம். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போலத் தோன்றும் புழுவைக் கண்டால் கொல்லாதீர்கள். வளர்ந்ததும் பச்சையாகும், பிறகு கூடு, பிறகு கறிவேப்பிலை அழகி என்ற கறுப்புப் பட்டாம்பூச்சி. சமையலுக்கு இலை குறைந்தது என்று ஆயாம்மா சொன்னாலும், புழுவுக்கு ஒரு செடி என்று ஒதுக்கியவரும் அவர்தான்.

பெற்றோர் கூட்டத்தில் சளி, புழு, அழுக்குத் துணி என்று வரிசையாகக் கேள்வி வந்தது. எல்லாம் நியாயமான கேள்விதான். இடி இடித்தால் உடனே உள்ளே, தூறலென்றால் மழைக்கோட்டு, ஒரு செட் மாற்றுத் துணி எப்போதும் பள்ளியில். உள்ளே வந்ததும் சோப்புப் போட்டு நகம் வரை கழுவல், அந்தத் தண்ணீர் வாழைக் குழிக்கு. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாளில் மாத்திரை. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய டிபிடி (டிப்தீரியா, கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டரும், ஐந்து வயதுக்கு மேல் போடுவதும் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்துக்கொள்கிறோம். செல்போனால் கண் கெடுகிறது என்று கவலைப்பட்டவர்களிடம் சீனாவின் குவாங்சோ ஆய்வைச் சொன்னேன். 2015இல் வெளியானது. பள்ளியில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விடப்பட்ட ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளில் மூன்று ஆண்டில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். அதற்கப்புறம் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க், லால்பாக் என்று கிளம்ப ஆரம்பித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, பாட்டிகள் வர ஆரம்பித்தது. அல்சூரிலிருந்து வரும் ஒரு பாட்டி தென்னோலையில் பீப்பீயும் கைக்கடிகாரமும் செய்து காட்டினார். பேரன் வீட்டில் ஓலை எங்கே கிடைக்கும் என்று அவருக்கு ஏக்கம். இப்போது பக்கத்துத் தெருவில் மட்டை விழுந்தால் எங்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குழி வெட்டிய மண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பலாம் என்று குவித்திருந்தோம். அதற்குள் பிள்ளைகள் அதை மலையாக்கிக் கொண்டார்கள். நாலடி உயரம் இருந்ததை மேஸ்திரி அண்ணா மூன்றடிக்குத் தட்டி, சரிவுகளில் அருகம்புல் நட்டார். ஏறி இறங்கும் பக்கத்தில் புல் நிற்கவில்லை, அங்கே சாக்கும் மூங்கில் படியும் வைக்கப் போகிறோம். மலைக்கு அடியில் இரண்டடி விட்டமுள்ள ஹியூம் குழாய் என்ற கான்கிரீட் குழாய் ஒன்றை, ஆறடிக்கு மிகாமல் வெட்டி, புதைக்க வேண்டும். இரண்டு வாயும் மிஸ் உட்காரும் திண்ணையிலிருந்து தெரிகிற மாதிரி திசை குறித்தாயிற்று, உள்ளே தண்ணீர் நிற்காமல் ஓர் அங்குலம் சாய்வும் கொடுக்க வேண்டும். மே மாத இடிமழைக்கு முன்னால் வந்து முடித்துத் தருவதாக அண்ணா சொல்லியிருக்கிறார்.